அக்கா தடவிய கிரீஸ்

அந்தத் தெருவில் எந்த வீட்டு வாஷிங் மிஷின் முனகுகிறது, எது மூச்சை நிறுத்தப் போகிறது என்பதெல்லாம் ஒருத்திக்கு அத்துப்படி. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்பார்கள், அவளும் கூசாமல் "சொல்லுங்க" என்பாள். இரண்டு ஷட்டர் வைத்த கடை. ஒரு பக்கம் தம்பி உட்கார்ந்து உதிரிபாகம் விற்பான், இன்னொரு பக்கம் அக்கா மிஷின்களைப் பிரித்துப் போட்டிருப்பாள்.

பிரிப்பது என்றால் உள்ளே ஒளித்து வைத்துப் பிரிப்பது இல்லை. ஷட்டருக்கு நேர் எதிரே, தெருவைப் பார்த்தபடி. மிஷினுக்குச் சொந்தக்காரரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, அவர் கண் முன்னால் ஒவ்வொரு திருகாகக் கழற்றிக்கொண்டே பேசுவாள். வாயும் ஸ்பேனரும் சேர்ந்துதான் ஓடும். "இது என்ன தெரியுமா? இதுதான் தண்ணி வெளியே போற பம்ப்பு. இதுல நூலு சுத்திக்கிச்சுன்னா மிஷின் தண்ணியை வச்சுக்கிட்டு முழிக்கும். மோட்டார் போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

ஒரு நாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, தண்ணீர் வெளியேறாத மிஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். அக்கா கீழே இருந்த மூடியைத் திருகி, விரலை விட்டு, ஒரு குழந்தையின் சாக்ஸை வெளியே இழுத்தாள். டீச்சரையே அந்த மூடியைத் திரும்ப மாட்டச் சொன்னாள். சரியாக மாட்டும்வரை விடவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே போனதும் தம்பி பொங்கி எழுந்தான்.

"ஏன்க்கா, உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? இனிமே அவங்க நம்ம கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பாங்களா?"

"குழந்தை சாக்ஸை எடுக்கிறதுக்கு மெக்கானிக் எதுக்குடா?"

"நாம சாப்பிடறதுக்கு!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிக்கு வரவில்லை. அவன் பாவம், கணக்குப் பார்க்கிறவன். இப்போதெல்லாம் புது மிஷின் விற்கிற கம்பெனியே ஆள் அனுப்பிப் பழுதும் பார்த்துவிடுகிறது. வீட்டு மிஷின்கள் கடைக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. இந்த லட்சணத்தில் இருக்கிற வாடிக்கையாளருக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்து அனுப்பினால் அவன் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. சனிக்கிழமை மதியம் ஆனால் போதும், கடை முன்னால் ஒரு கூட்டம் கூடிவிடும். இல்லத்தரசிகள், வேலையில்லாத பட்டதாரிகள், பக்கத்துத் தெரு மெக்கானிக்குகள்கூட வருவார்கள். அக்கா ஒரு மிஷினைத் தலைமுதல் கால்வரை பிரித்து, சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொல்லி, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டுவாள். "போட்டிக்காரனுக்கே பாடம் நடத்துற ஒரே கடை நம்ம கடைதான்" என்று தம்பி தலையில் அடித்துக்கொள்வான்.

எதிர்க்கடை இதற்கு நேர்மாறு. அந்தக் கடைக்காரர் அக்காவைவிட நாலைந்து வயது பெரியவர், பேச்சில் சிக்கனம், கையில் நல்ல வேலை. ஆனால் மிஷினைத் திறக்கும் முன் குறுக்கே ஒரு கனமான திரையை இழுத்து விட்டுவிடுவார். மிஷினுக்குச் சொந்தக்காரர் வெளியே நின்று, உள்ளே பிரசவம் நடக்கிற மாதிரி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். தெரு அவருக்குத் திரைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. இருபது வருடமாக எதிரும் புதிருமாகக் கடை நடத்துகிறவர்கள், பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

அக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. "நான் பேரிங் மாத்தின மிஷின் திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது" என்பாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது தோள் ஒரு அங்குலம் உயரும். கேட்கிறவர்களும் வாயைப் பிளப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஆள் உயர மிஷின்கள் வரிசையாக நிற்கின்றன. படுக்கை விரிப்பிலிருந்து ஆபரேஷன் துணிவரை அங்கேதான் வெளுக்கிறார்கள். அத்தனை மிஷினையும் பராமரிக்க ஒரு கடை வேண்டும். அலசிப் பார்த்து இரண்டு கடைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அக்கா கடை, திரைக்காரர் கடை. வரும் வியாழக்கிழமை காலையில் இருவரும் வந்து, ஆளுக்கு ஒரு மிஷினைத் திறந்து வேலை காட்ட வேண்டும். பேரிங்கும் பார்க்க வேண்டும், மிஷினின் மூளையான எலக்ட்ரானிக் போர்டும் பார்க்க வேண்டும்.

தம்பி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டான். "இது கிடைச்சா கடை நிக்கும்க்கா. கிடைக்கலைன்னா இந்த ஷட்டரை மூடிட்டு நான் எங்கயாவது சம்பளத்துக்குப் போயிடுவேன். என் பிள்ளைங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

அவன் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான் என்பது அக்காவுக்குத் தெரியும். இந்தக் கடையில் தம்பி இல்லாத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்று அவளும் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை. கூட்டம் வழக்கம்போல் கூடியிருந்தது. எல்லோருக்கும் பின்னால், கையில் ஒரு பையோடு, யார் வந்து நிற்கிறார் என்கிறீர்கள்? சாட்சாத் திரைக்காரரேதான். தெருவைத் தாண்டி வர அவருக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது. பையிலிருந்து ஒரு போர்டை எடுத்தார். எடுத்தவர் அதை நீட்டவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை. "இது... லைட்டு மட்டும் மினுக்குது. ஓட மாட்டேங்குது" என்றார்.

தம்பி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லு, நான் கேட்கலை. இவருக்கு மட்டும் வேண்டாம். அவருக்குப் பேரிங் வேலை தண்ணி பட்ட பாடு. போர்டுதான் தெரியாது. அதையும் நீயே சொல்லிக் கொடுத்துட்டா வியாழக்கிழமை நாம எதுக்கு அங்க போகணும்?"

"கேட்டு வந்தவரை எப்படிடா திருப்பி அனுப்புறது? அதுவும் எல்லார் முன்னாடியும்?"

"நாளைக்கு வாங்கன்னு சொல்லு. வெள்ளிக்கிழமை வாங்கன்னு சொல்லு!"

"வெள்ளிக்கிழமை வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் அவர் இன்னிக்கு வந்திருக்கார்" என்றாள் அக்கா. "அவர் அந்தத் தெருவைத் தாண்டினதே பெரிசு. நான் வாயைத் திறக்கலைன்னா எனக்கு நாளைக்குச் சோறு இறங்காது."

வெளியே வந்து போர்டை வாங்கினாள். திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஓர் இடத்தைக் காட்டினாள். ஈயப்பற்று வட்டமாக விட்டுப்போய், மயிரிழை போல ஒரு விரிசல். "இங்கதான் பாருங்க அண்ணே. பெரிய கரண்டு போற இடம் சூடாகிச் சூடாகி விட்டுடும். போர்டு செத்துப்போச்சுன்னு நினைப்போம், சாகலை. மயக்கம்தான்." அவரையே ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைப் பிடிக்க வைத்து, பழைய ஈயத்தை உறிஞ்சிப் புது ஈயம் வைக்கச் சொன்னாள். கரண்டு பார்க்கும் மீட்டரை எங்கெங்கே வைத்துப் பார்க்க வேண்டும், எது செத்தது எது மயங்கியது என்று எப்படிப் பிரிப்பது, எதையும் விட்டுவைக்காமல் சொன்னாள். போர்டு உயிர் பெற்று விளக்குகள் வரிசையாக எரிந்தபோது கூட்டம் கைதட்டியது. திரைக்காரர் மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. அவர் கலையவில்லை. தம்பி கோபத்தில் உள்ளே டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேட்கணும்மா" என்றார். "பேரிங் மாத்தும்போது சீலுக்கு என்ன கிரீஸ் தடவுற?"

டிரம்முக்குப் பின்னால், அது சுழல்வதற்கான பேரிங் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் அதற்குள் போகாமல் தடுப்பது ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். அது காயாமல் இருக்க உள்விளிம்பில் கிரீஸ் தடவுவார்கள். இதெல்லாம் அக்கா நூறு சனிக்கிழமை சொன்ன பாடம். "வண்டிக்குப் போடற நல்ல கிரீஸ்தான் அண்ணே. கஞ்சத்தனமே பண்ண மாட்டேன், அள்ளித் தடவுவேன்" என்றாள் பெருமையாக.

"அது கொதிக்கிற சோப்புத் தண்ணியில கரைஞ்சு போயிடும்மா. கொஞ்ச மாசத்துல சீல் காஞ்சு தேஞ்சு, தண்ணி உள்ள போய், ஒண்ணரை வருஷத்துல பேரிங் கத்த ஆரம்பிச்சுடும். தண்ணியில கரையாத கிரீஸ் தனியா இருக்கு."

"அதெல்லாம் இல்லை. நான் பண்ணின மிஷின் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை."

திரைக்காரர் தரையைப் பார்த்தார். "உன்கிட்ட வந்ததில்லை. எல்லாம் என்கிட்டதான் வருது."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பேரிங் இரண்டாவது தடவை கத்தினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? அக்காவிடம் போய்க் குறை சொல்ல நாக்கு கூசும். இவ்வளவு நல்லவளிடம் எப்படிச் சொல்வது என்று சத்தம் போடாமல் எதிர்க்கடைக்குப் போவார்கள். திரைக்குப் பின்னால் போன பிறகு அது யார் வேலை என்று யாருக்குத் தெரியப் போகிறது? திரும்பி வராததை எல்லாம் அவள் தன் கைராசி என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். "இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டா இருந்தீங்க? சனிக்கிழமை சனிக்கிழமை நான் ஊரைக் கூட்டித் தப்பாச் சொல்லிக் கொடுக்கிறேன், எதிர்ல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீங்களா?"

"ஆமா" என்றார். மறுக்கவில்லை. "நீ எல்லாத்தையும் தெருவுல வச்சு அள்ளிக் கொடுக்கிற. எனக்குன்னு அந்த ஒண்ணுதான் இருந்துச்சு. உன் தப்புலதான் என் வீட்டு அடுப்பு எரிஞ்சுது. இன்னிக்கு நீ அந்தப் போர்டைத் திருப்பிக் காட்டினப்புறம் என்னால வாயை மூடிக்கிட்டுப் போக முடியலை."

சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

அக்கா யார் பேச்சையும் அப்படியே நம்புகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுத்த கட்டிடத்துத் தையற்காரி வீட்டுக்குப் போய், போன வருடம் தான் பேரிங் மாற்றிய மிஷினைப் பிரித்தாள். "நல்லாத்தானே ஓடுது?" என்று தையற்காரி பதறினாள். டிரம்மை வெளியே எடுத்து சீலின் உள்விளிம்பில் விரலை ஓட்டினாள் அக்கா. கிரீஸ் இருந்த சுவடே இல்லை. ரப்பர் வெடித்திருந்தது, பேரிங்கின் ஓரத்தில் துரு பூக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் சில மாதம் போனால் இதுவும் எதிர்க்கடைக்குத்தான் போயிருக்கும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொல்லிக் கொடுத்தேன், சொல்லிக் கொடுத்தேன் என்று மார்தட்டினேனே, செய்து கொடுத்த மிஷின் எப்படி இருக்கிறது என்று ஒரு வீட்டிலாவது போய்க் கேட்டேனா? கொடுக்கத் தெரிந்த அளவுக்குக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. இது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அக்கா வலியை வைத்துக்கொண்டு சும்மா உட்காருகிற ஜாதி இல்லை. எழுந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் தம்பி ஷட்டரைப் பாதி இறக்கினான். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. வியாழக்கிழமை சரியான கிரீஸைத் தடவிட்டு வந்துடு. யாருக்கும் எதுவும் தெரியாது. வேலை கையில வந்தப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லு, நானே பந்தல் போடறேன்."

"கடை வாசல்ல போர்டு எழுதி வைக்கலாம்னு இருந்தேன். என்கிட்ட பேரிங் மாத்தினவங்க எல்லாரும் வாங்க, இலவசமா சீல் மாத்தித் தர்றேன்னு."

"அக்கா!"

"சரி, எழுதறது வியாழக்கிழமைக்கு அப்புறம் ஆகட்டும். என் வாய்க்கு மட்டும் நான் ஜவாப்தாரி இல்லை" என்றாள். தம்பிக்குப் பாதி உயிர்தான் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை. சலவைக்கூடத்தில் நீராவியும் சோப்பு வாசனையும் மூக்கை அடைத்தன. மேலாளர் நரை ஓடிய ஒரு பெண்மணி, வீண் பேச்சுப் பேசாதவர். "முன்னாடி இருந்த மெக்கானிக் எல்லா போர்டுக்கும் தன் இஷ்டத்துக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிட்டுக் காணாம போயிட்டார்" என்றார். "ஆபரேஷன் தியேட்டர் துணி முழுக்க உள்ளேயே ஊறிக்கிட்டு இருந்தது. கதவைத் திறக்கக்கூட எங்களால முடியலை. அதனால என் கண் முன்னாடி வேலை செய்யுங்க. ஆரம்பிக்கலாம்."

முதல் மிஷின் அக்காவுக்கு. சுற்றி மேலாளர், சலவை செய்கிற பெண்கள், சுவரோரமாகத் திரைக்காரர், அவருக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி தம்பி. அக்கா கையும் வாயுமாக ஆரம்பித்தாள். போர்டைப் பிரித்து, பழைய பூட்டை நீக்கி, பெண்களில் ஒருத்தியையே அழைத்துப் புதுக் கடவுச்சொல் போட வைத்தாள். மேலாளரின் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிவு தெரிந்தது. அப்புறம் டிரம். சின்ன மிஷினில் செய்கிற வேலைதான், ஆனால் இங்கே பேரிங்கே ஒரு தட்டு அளவு. பழைய பேரிங்கைக் கழற்றிப் புதுசை இறக்கினாள். புது சீலைக் கையில் எடுத்தாள். கிரீஸ் டப்பாவைத் திறந்தாள்.

கை நின்றது. வாயும் நின்றது. அக்கா பேசாமல் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று தம்பிக்குத் தெரியும். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"மேடம்" என்றாள் அக்கா. "இது தண்ணியில கரையாத கிரீஸ். போன வாரம் வரைக்கும் இதை நான் தடவினதே இல்லை. இத்தனை வருஷமா தப்பான கிரீஸைத்தான் தடவிக்கிட்டு இருந்தேன். நான் சரி பண்ணினேன்னு நினைச்ச மிஷின் எல்லாம் ஒண்ணரை வருஷத்துல கெட்டுப் போயிருக்கு. அதோ அங்க நிக்கிறாரே, அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?" என்றார் மேலாளர். "சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"அதனாலதான் மேடம். நான் இதை மூடிட்டேன்னா உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னாத்தான் உண்டு. இன்னிக்கு என் வேலை போயிடும்னு பயந்து மறைச்சேன்னா, நாளைக்கு இதைவிடப் பெரிசா ஒண்ணை மறைப்பேன். அப்போ சரியா வெளுக்காத துணியில ஆபரேஷன் நடக்கும்."

மேலாளர் திரைக்காரர் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது உண்மையா? உங்ககிட்ட எத்தனை மிஷின் வந்தது?"

அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொன்னால் போதும், அக்கா கதை முடிந்தது. எல்லா வீடுகளும் அவருக்கு மனப்பாடம். தம்பி அவர் வாயையே பார்த்தான். அக்காவும் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்தாமல். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தவள் மாதிரி நின்றாள்.

"நிறைய வந்துச்சு" என்றார் திரைக்காரர். "அதைவிட நிறைய மிஷினை நான் கொன்னுருக்கேன் மேடம். எனக்கு போர்டு வேலை தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. போர்டு போச்சு, புது மிஷின் வாங்கிக்கோங்கன்னு சொல்லிடுவேன். நல்ல மிஷினையெல்லாம் குப்பைக்கு அனுப்பியிருக்கேன். இவங்கதான் போன சனிக்கிழமை சொல்லிக் கொடுத்தாங்க. நாம போட்டியாச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த மெக்கானிக் ஒருத்தர்கூட எனக்குத் தெரியாதுன்னு சொன்னதில்லை. இன்னிக்கு ஒரே மூச்சுல ரெண்டு பேர்." பிறகு அக்காவிடம், "மூடுங்க, ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

மிஷின் ஓடியது. டிரம் வேகம் பிடித்தபோது தரைகூட அதிரவில்லை. அடுத்து திரைக்காரர் தன் மிஷினைத் திறந்தார். வேலை கச்சிதம். போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததுகூட அப்படியே அக்காவின் சாய்ப்பு. தம்பி அதைப் பார்த்துவிட்டு அக்காவை முறைத்தான். ஆனால் அவர் வேலை செய்த நேரமெல்லாம் வாயே திறக்கவில்லை, பார்க்க வந்தவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. இருபது வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போய்விடுமா என்ன?

மேலாளர் அதிகம் யோசிக்கவில்லை. "ரெண்டு பேர் வேலையும் எனக்குத் திருப்தி. ஆனா இவங்க மூடினப்புறமும் உள்ள என்ன இருக்குன்னு என் பொண்ணுங்களுக்குத் தெரியும்" என்று அக்காவின் மிஷினைக் காட்டினார். "வேலை உங்களுக்குத்தான்."

தம்பி அக்காவைக் கட்டிக்கொள்ளாத குறை. "சரி, உன் ஓட்டை வாயை நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். கடையின் இரண்டு ஷட்டரும் அவன் கண்ணுக்குள் திறந்து கிடந்திருக்க வேண்டும்.

திரைக்காரர் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தோற்றவர் நடை இல்லை, பாரத்தை இறக்கி வைத்தவர் நடை. ஆனாலும் அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, நில்லுங்க. இவ்வளவு பெரிய பேரிங் எல்லாம் எனக்குப் புதுசு. உங்களுக்குத்தான் கை வரும். பேரிங் வேலை முழுக்க நீங்க பண்ணுங்க, பங்கு பிரிச்சுக்கலாம். சனிக்கிழமை என் கடை வாசல்ல என் தப்பைச் சரி பண்ணப் போறேன், அடுத்த கட்டிடத்துத் தையற்காரி மிஷின்தான் முதல்ல. அந்த சீல் பாடத்தை நான் இனிமே நடத்தக் கூடாது. நீங்கதான் நடத்தணும்."

"நானா?" அவர் திகைத்துப் போனார். "எனக்குப் பேச வராதும்மா."

"கிரீஸைப் பத்தி என்கிட்ட பேசினீங்களே, அது போதும்."

பையைக் கைமாற்றிக்கொண்டார். "கூட்டம் வருமா?"

"நடுரோடு வரைக்கும் நிக்கும்."

திரைக்காரர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். எண்ணெய்க் கறை படிந்து, காலர் கிழிந்து, பொத்தான் ஒன்று இல்லாமல் இருந்தது அந்தச் சட்டை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்த சட்டை.

"அப்போ நல்ல சட்டை ஒண்ணு எடுக்கணும்" என்றார்.